'கைண்ட்லி' போட்டா மரியாதை வந்துடுமா? ஒரு காப்பி எடிட்டரோட அனுபவம்

சென்னைல ஒரு காப்பி எடிட்டிங் கம்பெனில வேலை பாக்குறேன். வெளிநாட்டு ஜர்னல்களுக்கு வர்ற ஆராய்ச்சிக் கட்டுரைங்களோட இங்கிலீஷ திருத்தி, ஜர்னலோட ஸ்டைலுக்கு மாத்தி, டைப்செட்டிங்குக்கு, அதாவது பக்கமா அடுக்கறதுக்கு, அனுப்புற வேலை. இப்படி ஒரு தொழில் இருக்குன்னே நெறைய பேருக்கு தெரியாது, ஆனா லண்டன்லயும் நியூயார்க்லயும் இருக்கற பதிப்பகங்களோட ஜர்னல் வேலை எவ்வளவோ சென்னை, பாண்டிச்சேரி பக்கம் ஏதாவது ஒரு ஆபீஸ் வழியாத்தான் போகுது. நான் இந்த வேலைல இருக்கேன்னு தெரிஞ்சதுலேர்ந்து சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, கூடப் படிச்சவங்கன்னு எல்லாரும் ஒரு மெயில் ஸ்க்ரீன்ஷாட்ட வாட்ஸ்அப்ல தட்டிவிட்டு "இதுல கிராமர் மிஸ்டேக் இருக்கா கொஞ்சம் பாரேன்"னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆபீஸ்லயும் அதே கதைதான், கிளையன்ட்டுக்கு மெயில் போடறதுக்கு முன்னாடி ஜூனியர் பசங்க என் சீட்டுக்கு வந்து நிப்பாங்க.

இத்தன மெயில் பாத்ததுல எனக்கு தோணுனது என்னன்னா, கிராமர் கேள்வின்னு வர்றதுல பாதி கிராமர் கேள்வியே கெடையாது, மரியாதை கேள்வி. 'ஐ வான்ட்'னு போடலாமா இல்ல 'ஐ வுட் லைக்'னு போடணுமா, வெறும் 'ப்ளீஸ்' போதுமா 'கைண்ட்லி'யும் சேக்கணுமா, 'யூ'ன்னு எழுதுனா தப்பா எடுத்துப்பாங்களா, இப்படித்தான் கேப்பாங்க. இலக்கணப் புத்தகத்த எவ்வளவு பொரட்டுனாலும் இதுக்கு பதில் கெடைக்காது, ஏன்னா அவங்க தேடுறது தமிழ்ல இருக்கற 'ங்க'வ.

தமிழ்ல நமக்கு அது ரொம்ப சுலபம். 'அனுப்பு', 'அனுப்புங்க', 'அனுப்பி வைங்க', 'அனுப்ப முடியுமாங்க', வினையோட வாலப் பிடிச்சு எவ்வளவு மரியாதை வேணுமோ அவ்வளவு ஏத்திக்கலாம். இங்கிலீஷ்ல 'செண்ட்'னா எம்.டி.க்கும் அதேதான், டீ கொண்டு வர்ற பையனுக்கும் அதேதான். நம்ம கை 'ங்க'வ தேடும், அது அங்க இருக்காது, அதுக்கு பதிலா 'கைண்ட்லி', 'ரெஸ்பெக்டட்', 'ஹம்பிள் ரெக்வெஸ்ட்', 'த சேம்', 'யுவர் குட் செல்ஃப்'னு கைல கெடச்சதெல்லாம் எடுத்து அடுக்கிடுவோம்.

இதுல வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல நீயும் நீங்களும் தனித்தனியா இருந்துச்சு. 'தௌ'ன்னா நீ, 'யூ'ன்னா நீங்க. மொதல்ல 'யூ' வெறும் பன்மை, நம்ம 'நீங்க' மாதிரியே அப்புறம் பெரிய மனுஷங்களுக்கும் அத போட ஆரம்பிச்சாங்க. ஷேக்ஸ்பியர் காலத்துல ரெண்டுமே புழக்கத்துல இருந்துச்சு. 17-ம் நூற்றாண்டுல க்வேக்கர்னு ஒரு கிறிஸ்தவ பிரிவுக்காரங்க, கடவுள் முன்னாடி எல்லாரும் சமம், அதனால யாரா இருந்தாலும் 'தௌ'தான்னு நீதிபதிகள்கிட்டயும் அப்படியே பேசி திட்டும் அடியும் வாங்கியிருக்காங்க. போகப்போக பேச்சு வழக்குல 'தௌ' தேய்ஞ்சு போய் எல்லாருக்கும் 'யூ'ன்னு ஆயிடுச்சு. ஒரே ஆளப் பாத்து பேசுறப்பவும் 'யூ ஆர்'னு பன்மை வினை வர்றதுக்கு காரணம் இதுதான். அதாவது இங்கிலீஷ்காரங்க வீட்டு நாயக்கூட 'நீங்க'ன்னுதான் கூப்புடுறாங்க, இத சொன்னா எங்க ஜூனியர் பசங்களுக்கு சிரிப்பு வரும், 'யூ'ன்னு எழுதற பயமும் கொஞ்சம் போகும்.

அப்ப அவங்க மரியாதைய எங்க வைக்கறாங்க? பெரும்பாலும் கேள்வில. 'செண்ட் த ஃபைல்'க்கு பதிலா 'குட் யூ செண்ட் த ஃபைல் பை ஃப்ரைடே?' அவ்வளவுதான், அந்த 'குட் யூ'தான் நம்ம 'ங்க'. கூட ஒரு வரி காரணம் சொல்லலாம், 'திங்கக்கிழமை பிரிண்ட்டுக்கு போகுது'ன்னு. அடுத்தவங்களோட டைம நாம மதிக்கறோம்னு அதுலயே தெரிஞ்சுடும். 'கைண்ட்லி' அவங்க ஊர்ல பெரும்பாலும் நோட்டீஸ் போர்டுலயும், யாராவது கடுப்புல பேசுறப்பவும் வர்ற சொல். நாம பணிவா எழுதறதா நெனச்சு ஒரே மெயில்ல நாலு 'கைண்ட்லி' போடுவோம், படிக்கறவருக்கு அது அதட்டுற மாதிரி கேக்கும்.

'ரிவர்ட்' கதைய சொல்லியே ஆகணும். புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு, திருத்தி முடிச்ச ஃபைல ஒரு ஜர்னலோட புரொடக்‌ஷன் எடிட்டருக்கு அனுப்பிட்டு கடைசில 'ப்ளீஸ் ரிவர்ட் பை ஃப்ரைடே'ன்னு எழுதியிருந்தா. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடுங்கன்னு அர்த்தத்துலதான். அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் உடனே வந்துச்சு: எந்தத் திருத்தத்த ரிவர்ட் பண்ணணும், எல்லாத்தயுமா, ஏன், என்ன பிரச்சன? எடிட்டிங்ல 'ரிவர்ட்'னா போட்ட திருத்தத்த எடுத்துட்டு பழையபடி ஆக்குறது, அவங்களுக்கு அந்த ஒரு அர்த்தந்தான் தெரியும். "அக்கா, எனக்கு வர்ற எல்லா மெயில்லயும் இப்படித்தானே போடுறாங்க"ன்னு பாவமா கேட்டா. நெஜந்தான், இந்தியாலயும் சிங்கப்பூர்லயும் 'ரிவர்ட்'னா பதில் போடறதுதான், இந்திய ஆங்கிலம்னு குறிப்பு போட்டு டிக்‌ஷ்னரிலயே அந்த அர்த்தம் இருக்கு. அதனால இத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். பெங்களூர் ஆபீஸுக்கு எழுதுனா தாராளமா எழுதிக்கோ, லீட்ஸுக்கோ பாஸ்டனுக்கோ எழுதுனா 'ரிப்ளை'ன்னு போடுன்னு சொன்னேன். 'ப்ரீபோன்' எனக்கு ரொம்ப பிடிச்ச சொல், 'போஸ்ட்போன்' இருக்கறப்ப அது மட்டும் ஏன் கூடாது, ஆனா வெளிநாட்டுக்காரருக்கு எழுதறப்ப 'மீட்டிங்க செவ்வாக்கிழமைக்கு மாத்திக்கலாமா'ன்னுதான் கேப்பேன்.

'டௌட்' இதவிட வில்லங்கமானது. நமக்கு டௌட்னா ஒரு சின்ன கேள்வி, க்ளாஸ்ல கையத் தூக்கி "சார், டௌட்"னு சொல்லி வளந்தவங்க நாம. ஒரு ஆராய்ச்சியாளருக்கு 'வி ஹேவ் எ டௌட் இன் டேபிள் டூ'ன்னு எழுதுனா அவருக்கு கேக்கறது வேற: இவங்க என் டேட்டாவ நம்பலையா, நான் பொய்க்கணக்கு போட்டேங்கறாங்களா? ஆராய்ச்சி உலகத்துல அது சின்ன விஷயம் இல்ல, வேலையே போகற குற்றச்சாட்டு. எங்க டீமுக்கு ஒருத்தர்கிட்டேர்ந்து நல்லா சூடா ஒரு மெயில் வந்துச்சு, நாங்க கேட்டது என்னமோ டேபிளோட கடைசி நெடுவரிசைல கூட்டுத்தொகை ஒண்ணு ஒதைக்குதேன்னுதான். அன்னிலேர்ந்து 'எ கொஸ்டின் அபௌட் டேபிள் டூ'ன்னு மட்டுந்தான் எழுதறோம்.

கேள்வின்னு சொன்னதும் எங்க தொழிலோட உயிர்நாடி ஞாபகம் வருது, ஆத்தர் குவரி. ஏ.க்யூ.ன்னு சுருக்கமா சொல்லுவோம். கட்டுரைல ஏதாவது இடிச்சா மார்ஜின்ல நம்பர் போட்டு ஆத்தர்கிட்ட கேக்கறது. உதாரணத்துக்கு கட்டுரைக்குள்ள ஒரு மேற்கோள் 2014ன்னு இருக்கும், பின்னாடி ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அதே கட்டுரை 2015ன்னு இருக்கும். உடனே நம்ம பையன் எழுதுவான்: 'கைண்ட்லி செக் அண்ட் கன்ஃபர்ம் வெதர் தி இயர் இஸ் 2014 ஆர் 2015.' கிராமர் சுத்தம், மரியாதை சுத்தம், ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆத்தர் அதுக்கு என்ன பதில் எழுதுவார் தெரியுமா? 'எஸ்.' இல்லன்னா 'கன்ஃபர்ம்ட்.' காப்பி எடிட்டிங்ல இருக்கற யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, இத சொன்னா தலைல கைய வச்சுப்பாங்க, இது நடக்காத ஆபீஸே இருக்காது.

கொஞ்சம் யோசிச்சா ஆத்தர் மேல தப்பு இல்லன்னு புரியும். ப்ரூஃப, அதாவது அச்சுக்கு முன்னாடி சரிபாக்க அனுப்பற பக்கங்கள, ரெண்டு நாள்ல திருப்பித் தரணும், அவருக்கு க்ளாஸ் இருக்கு, லேப் இருக்கு, மார்ஜின்ல முப்பது நாப்பது கேள்வி நிக்குது. மொத நாலு வார்த்த படிக்கறார், செக் பண்ணி கன்ஃபர்ம் பண்ணச் சொல்றாங்க, சரி பாத்தாச்சு, கன்ஃபர்ம்ட். நாம கேட்ட கேள்வி வாக்கியத்தோட வால்ல தொங்கிட்டு இருக்கு, அவர் கண்ணு அங்க போகவே இல்ல. நான் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறது, ஆமான்னு பதில் வந்தாலும் வேலை நடக்கற மாதிரி கேள்விய திருப்பிப் போடு. '2014ஐ 2015ன்னு மாத்தியிருக்கோம், ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல அப்படி இருக்கு. ஓகேவா?' இப்ப எஸ்னு சொன்னா வருஷம் 2015, நோன்னு சொன்னா 2014, எதுவுமே சொல்லலைன்னாகூட நாம என்ன பண்ணிருக்கோம்னு அவருக்கு தெரியும். இத ஹவுஸ் ஓனருக்கு, ஹெச்.ஆர்.க்கு, யாருக்கு வேணா பயன்படுத்தலாம். 'சனிக்கிழமை வரட்டுமா ஞாயித்துக்கிழமை வரட்டுமா'ன்னு மெசேஜ் போட்டு ஒரு தம்ஸ்அப் மட்டும் திரும்பி வாங்கின அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்ல?

கேள்வி வால்ல போய் தொங்கறதுக்கு காரணம் நம்ம தமிழ் பழக்கந்தான்னு நெனைக்கறேன். தமிழ்ல காரணம் மொதல்ல வரும், வினை கடைசில வரும், 'இன்னின்ன மாதிரி ஆயிட்டதால, அதுவும் இந்த மாசம் இப்படி இருக்கறதால, ஃபிகர் மூணு மறுபடி அனுப்புங்க'ன்னு கேட்டா கடைசி வரைக்கும் பொறுமையா கேட்டுட்டு அனுப்புவோம், நமக்கு அது பழகுன நடை. இங்கிலீஷ் படிக்கறவருக்கு மொத வரிலயே யாரு என்ன செய்யணும்னு தெரியணும், தெரியலன்னா மேலோட்டமா மேஞ்சுட்டு போயிடுவார். அதனால யாராவது மெயில காட்டுனா நான் பெரும்பாலும் ஒரு வேலைதான் பண்ணுவேன், கடைசி வரிய கட் பண்ணி மேல கொண்டு போய் ஒட்டுவேன். வேற ஒரு வார்த்தைய தொட மாட்டேன். அதுலயே பாதி மெயில் சரியாயிடும்.

எங்க சித்தப்பா ரிட்டையர்ட் கவர்மென்ட் ஊழியர், பென்ஷன் அக்கவுன்ட்ல ஒரு மாசம் பணம் கொறச்சலா வந்துச்சுன்னு பேங்குக்கு லெட்டர் எழுதிக் கொண்டு வந்து காட்டுனார். 'வித் ட்யூ ரெஸ்பெக்ட் அண்ட் ஹம்பிள் சப்மிஷன் ஐ பெக் டு ஸ்டேட் தட்'னு ஆரம்பிச்சு, அவர் எந்த டிபார்ட்மென்ட்ல எந்த வருஷம் சேந்தார், எந்த ப்ராஞ்ச்ல எப்ப அக்கவுன்ட் தொறந்தார்னு போயிட்டே இருக்கு, பணம் கொறஞ்ச விஷயம் ரெண்டாவது பக்கத்துல வருது. "சித்தப்பா, மேட்டர மொதல்ல போடலாமே"ன்னேன். "ஏம்மா, மேனேஜருக்கு எழுதறோம், மொட்டையாவா எழுதறது?"ன்னார்.

அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, இந்த நடை நம்மாளுங்க கண்டுபிடிச்சது இல்ல. வெள்ளைக்கார அதிகாரிங்க தங்களுக்குள்ளயே 'ஐ ஹேவ் தி ஹானர் டு பி, சர், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்'னு கையெழுத்து போட்டுக்கிட்டவங்கதான், சண்ட போடற லெட்டரா இருந்தாலும் அப்படித்தான் முடிப்பாங்க. 'டூ த நீட்ஃபுல்'லும் அவங்க ஆபீஸ் பாஷைதான். அவங்க அத விட்டுட்டு எப்பவோ போயிட்டாங்க, நம்ம ஆபீஸ் ஃபைல்ல அது அப்படியே உக்காந்துடுச்சு. கடைசில சித்தப்பாவும் நானும் ஒரு சமரசத்துக்கு வந்தோம். 'ரெஸ்பெக்டட் சர்' இருக்கட்டும், 'தேங்கிங் யூ'வும் இருக்கட்டும், ஆனா சப்ஜெக்ட் லைன்ல அக்கவுன்ட் நம்பர், எந்த மாசம், எவ்வளவு கொறச்சல். மொத வரில என்ன செஞ்சு தரணும். அவரோட சர்வீஸ் வரலாற தனி தாள்ல எழுதி பின்னாடி பின் பண்ணிக்கட்டும். அதுல ஒரு வரிகூட கொறைக்க அவர் ஒத்துக்கல, அது வேற விஷயம்.

சரி, உண்மையான கிராமருக்கு வரேன். நம்ம ஆளுங்க எழுதறதுல நான் அதிகமா திருத்தற வாக்கியம் எதுன்னு கேட்டா யோசிக்காம சொல்லுவேன்: 'ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே இட்செல்ஃப்.' இதுல மூணு தமிழ் இருக்கு. 'நேத்தே அனுப்பிட்டேன்'ங்கறதுல 'ட்டேன்' இருக்குல்ல, அதான் 'ஹேவ் சென்ட்' ஆச்சு. 'நேத்தே'ல இருக்கற ஏகாரம் 'இட்செல்ஃப்' ஆச்சு. மூணாவது, அத அழுத்திச் சொல்ற எரிச்சல், 'நான் அனுப்பிட்டேன், நீதான் பாக்கல'ங்கற அந்தத் தொனி, அது இங்கிலீஷ்ல போய் சேரவே சேராது. இதே மாதிரி 'தான்' வந்தா 'ஒன்லி' ஆயிடும், 'ஐ கேம் டுடே ஒன்லி.' ஏகாரத்துக்கும் 'தான்'க்கும் இங்கிலீஷ்ல பெரும்பாலும் தனிச் சொல்லே தேவப்படாது, பேசறப்ப குரல அழுத்துவாங்க, எழுதறப்ப விட்டுடுவாங்க. நீங்களும் விட்டுடுங்க.

'ஹேவ்'க்கு நான் வச்சிருக்கற கணக்கு இது: முடிஞ்சு போன ஒரு நேரம் அதே வாக்கியத்துல இருந்தா, நேத்து, போன வாரம், 2019ல, இப்படி ஏதாவது இருந்தா 'ஹேவ்' வராது. 'ஐ சென்ட் இட் யெஸ்டர்டே.' நேரம் சொல்லாம சும்மா அனுப்பிட்டேன்னா 'ஐ ஹேவ் சென்ட் இட்.' இதுல நம்மள கவுக்கறது எதுன்னா, தமிழ்ல 'அஞ்சு வருஷமா இங்க வேலை பாக்குறேன்'னு சாதாரண நிகழ்காலம் போடற எடத்துலதான் இங்கிலீஷ்ல 'ஹேவ்' வேணும். 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.' நாம 'ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'னு எழுதுவோம். தமிழ்ல 'ட்டேன்' வர்ற எடத்துல பாதி நேரம் வேண்டாம், 'றேன்' வர்ற எடத்துல வேணும், தலகீழா இருக்கு, அதனாலதான் காது உதவாது. 'சின்ஸ்', 'ஃபார்' சண்டை இதவிட சின்னது: ஆரம்பிச்ச நேரத்த சொன்னா 'சின்ஸ்', எவ்வளவு காலம்னு சொன்னா 'ஃபார்'. சின்ஸ் 2019, ஃபார் ஃபைவ் இயர்ஸ்.

'எ', 'தி' பத்தி கேக்காத ஆளே இல்ல. தமிழ்ல ஆர்ட்டிகிள் கெடையாது, சீன மொழில கெடையாது, ஜப்பான்ல ரஷ்யால கெடையாது, அங்கேருந்து வர்ற கட்டுரைங்கள்லயும் இதே ஓட்டைதான், நாம தனியா வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா இது வெறும் அலங்காரம்னு நெனைக்காதீங்க. ஒரு கட்டுரைல இப்படி வருது: 40 நோயாளிகள்கிட்டேர்ந்து ரத்த சாம்பிள் எடுத்தோம், 'வி கலெக்டட் ப்ளட் சாம்பிள்ஸ்.' அடுத்த வரி 'தி சாம்பிள்ஸ் வேர் ஸ்டோர்ட்', மைனஸ் 80 டிகிரில வச்சோம்னு. மொத வரில 'தி' இல்ல, ஏன்னா படிக்கறவருக்கு அந்த சாம்பிள பத்தி இன்னும் எதுவும் தெரியாது. ரெண்டாவது வரில 'தி' வேணும், இப்ப சொன்னேனே அதேதான்னு அர்த்தம். ரெண்டாவது 'தி'ய விட்டுட்டா, எல்லா சாம்பிளுமா, வேற சாம்பிளான்னு கட்டுரைய மதிப்பிடற ரெஃப்ரீக்கு கேள்வி வரும். அதனால நான் வச்சிருக்கற டெஸ்ட், அந்தச் சொல்லுக்கு முன்னாடி படிக்கறவர் 'எது?'ன்னு கேட்டா அவருக்கே பதில் தெரியுமா? தெரியும்னா 'தி'. தெரியாது, ஆனா எண்ணக்கூடிய ஒரு பொருள்னா 'எ'. எண்ண முடியாததோ, பொதுவா சொல்றதோன்னா ஒண்ணும் வேண்டாம். எல்லா எடத்துக்கும் இது செல்லாது, ஊர் பேரு ஆத்து பேருன்னு தனி வழக்கம் இருக்கு, ஆனா தெனசரி மெயிலுக்கு இது போதும். 'எ'வா 'அன்'னாங்கறதுக்கு கண்ண மூடிக்கிட்டு வாய்விட்டு சொல்லிப் பாருங்க, ஸ்பெல்லிங்க பாக்காதீங்க. அன் எம்.பி.ஏ., அன் அவர், எ யூனிவர்சிட்டி, எ யூரோப்பியன்.

சின்ன சின்னதா வர்றதெல்லாம் வேகமா சொல்லிட்டு போறேன். இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், ஃபர்னிச்சர், அட்வைஸ், ஃபீட்பேக், இதுக்கெல்லாம் 'ஸ்' சேக்காதீங்க. 'ஒன் ஆஃப் மை'க்கு அப்புறம் எப்பவும் பன்மை, ஃப்ரெண்ட்ஸ். 'டிஸ்கஸ்'ல 'பத்தி' ஏற்கனவே உள்ள இருக்கு, 'டிஸ்கஸ் அபௌட்' வேண்டாம். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' கெடையாது, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. 'கோப் அப்' இல்ல, வெறும் 'கோப்'. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' இல்ல, 'ஐ ஹேவ்'. 'மைசெல்ஃப்'னு சொல்லி பேர சொல்றது இந்தியா தாண்டுனா விநோதமா கேக்கும், 'ஐ ஆம்' போதும். 'டேட்டா இஸ்'ஸா 'டேட்டா ஆர்'ரான்னா மெடிக்கல் ஜர்னல்ல பெரும்பாலும் பன்மைதான் கேப்பாங்க, உங்க ஆபீஸ் மெயில்ல 'இஸ்' போட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

இன்னொரு வகை கேள்வி இருக்கு, அத கேக்கறவங்க நல்லா படிச்சவங்களா இருப்பாங்க. வாக்கியத்த 'இன்', 'டு', 'வித்' மாதிரி ப்ரெபோசிஷன்ல முடிக்கலாமா? முடிக்கலாம். அது கூடாதுன்னு 1672ல டிரைடன்னு ஒரு கவிஞர் கொற சொன்னார், அப்புறம் வந்த வாத்தியாருங்க அத சட்டம் ஆக்கிட்டாங்க, பேசற மனுஷங்க யாரும் அத கேக்கல. ஒரே ஆளுக்கு 'தே' போடலாமா? 14-ம் நூற்றாண்டுலேர்ந்தே போடறாங்க, ஆணா பொண்ணான்னு தெரியாத ஆத்தருக்கு எழுதறப்ப எனக்கு அது பெரிய உதவி, 'ஹி ஆர் ஷி'ன்னு வரிக்கு வரி எழுதறத விட எவ்வளவோ மேல். 'தட்'டா 'விச்'சா? அமெரிக்க ஜர்னல்ல பிரிச்சுப் பாப்பாங்க, பிரிட்டிஷ் ஜர்னல்ல அவ்வளவா கண்டுக்க மாட்டாங்க. இந்த மாதிரி விஷயத்துல யாராவது சண்டைக்கு வந்தா நான் நகர்ந்துடுவேன், ஏன்னா எது போட்டாலும் அர்த்தம் மாறப் போறது இல்ல.

அர்த்தம் மாறுற எடத்துல மட்டும் நகர மாட்டேன். கமா ஒரு உதாரணம். அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல ஓவர்டைம் கூலி சட்டத்துல, எந்த வேலைக்கு ஓவர்டைம் கெடையாதுன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு, உணவுப் பொருள பதப்படுத்தறது, காய வைக்கறது, சேமிக்கறதுன்னு வரிசையா வந்து கடைசில 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்'னு முடியும். 'ஷிப்மென்ட்'க்கு அப்புறம் கமா இல்ல. ஓக்ஹர்ஸ்ட் டெய்ரிங்கற பால் கம்பெனியோட டிரைவருங்க கோர்ட்டுக்கு போனாங்க: நாங்க பேக்கிங் பண்றது இல்ல, டெலிவரிதான் பண்றோம், இந்த வரி ஷிப்மென்ட்டுக்கோ டிஸ்ட்ரிப்யூஷனுக்கோ பேக் பண்றவங்கள மட்டும்தான் சொல்லுது, எங்களுக்கு ஓவர்டைம் உண்டுன்னு. கம்பெனி, இல்ல, டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலைன்னுச்சு. 2017ல அப்பீல் கோர்ட், வரி ரெண்டு விதமாவும் படிக்கற மாதிரி இருக்குன்னு சொல்லி டிரைவருங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, 2018ல 50 லட்சம் டாலருக்கு சமாதானமாச்சு. சட்டத்தயும் அப்புறம் செமிகோலன் போட்டு மாத்தி எழுதுனாங்க. நம்ம தமிழ்ல இந்த வம்பு வராது, 'இட்லியும் தோசையும் வடையும்'னு ஒவ்வொண்ணுக்கும் உம் போட்டு முடிச்சுடுவோம். இங்கிலீஷ்ல பட்டியல் எழுதறப்ப கடைசி 'அண்ட்'க்கு முன்னாடி கமா போடறதா வேண்டாமாங்கறது உங்க ஆபீஸ் ஸ்டைல் எப்படியோ அப்படி, ஆனா ரெண்டு அர்த்தம் வருதுன்னா ஸ்டைல் என்ன சொன்னாலும் போட்டுடுங்க, இல்லன்னா நம்பர் போட்டு பிரிச்சு எழுதிடுங்க.

தேதியும் அப்படித்தான். 05/06ன்னா நமக்கும் லண்டனுக்கும் ஜூன் 5, அமெரிக்காவுக்கு மே 6. மாசத்த எழுத்துல எழுதுனா தீந்துச்சு. 'ஆன் லீவ் டில் மண்டே'ன்னு போட்டா திங்கக்கிழமை வருவீங்களா மாட்டீங்களா? 'பேக் ஆன் டியூஸ்டே'ன்னு எழுதுங்க. 'பை மண்டே'ன்னா திங்கக்கிழமைக்குள்ள, 'டில் மண்டே'ன்னா திங்கக்கிழமை வரைக்கும், இது ரெண்டயும் மாத்திப் போட்டு 'ஐ வில் செண்ட் டில் மண்டே'ன்னு எழுதறவங்கள வாரா வாரம் பாக்குறேன். 'இ.ஓ.டி.'ன்னா 'எண்ட் ஆஃப் டே', ஆனா யாரோட டே? நம்ம சாயங்காலம் ஆறு மணிக்கு நியூயார்க்ல அப்பதான் ஆபீஸ் தொறக்கறாங்க.

இப்ப எல்லாரும் கேக்கற கேள்வி, அதான் டூல் இருக்கே, ஏ.ஐ. இருக்கே, ஒரு க்ளிக்ல திருத்திக் குடுக்குதே, இதெல்லாம் எதுக்கு? நானும் பயன்படுத்துறேன், 'எ', 'தி' விட்டுப் போனதயும் 'இன்ஃபர்மேஷன்ஸ்'ஸயும் அது நல்லாவே பிடிச்சுடும். ஆனா அந்த 2014, 2015 கேள்விய அதுல போட்டுப் பாருங்க, இன்னும் பணிவா, இன்னும் நீளமா எழுதிக் குடுக்கும், ஆத்தர் அதுக்கும் 'எஸ்'னுதான் சொல்லுவார். நீங்க எது வேணும்னு நெனச்சீங்கங்கறது அதுக்கு தெரியாது, 'டில் மண்டே'ல எத நெனச்சீங்கன்னும் தெரியாது. அதனால முக்கியமான மெயில்னா நான் ஒரு வேல பண்ணுவேன், பக்கத்து சீட்டுல இருக்கற யாரயாவது கூப்ட்டு மெயில காட்டி, "இத படிச்சுட்டு இப்ப நீ என்ன செய்யணும்னு சொல்லு"ன்னு கேப்பேன். கிராமர் சரியா இருக்கான்னு கேக்க மாட்டேன், அப்படி கேட்டா எல்லாரும் 'சூப்பரா இருக்கு'ன்னு சொல்லிடுவாங்க. என்ன செய்யணும்னு சொல்ல அவங்க மறுபடி மேல போய் படிச்சாங்கன்னா, மறுபடி எழுத ஆரம்பிச்சுடுவேன்.